காத்திருப்பை எங்கே வைப்பது

நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு சிறிய நிரலைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறோம். யூனிகோட் பரவலாவதற்கு முன்பு டிஸ்கி, டாப், டாம், பாமினி என்று ஆளுக்கொரு குறியேற்றத்தில் தட்டச்சு செய்யப்பட்ட தமிழ்க் கோப்புகளை இன்றைய யூனிகோட் தமிழாக மாற்றித் தருவது அதன் வேலை. அக்காலத்துக் கோப்பு ஒன்றை உரிய எழுத்துரு இல்லாமல் திறந்தால் திரையில் என்ன தெரியும் என்பதை இப்பக்கத்தின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அச்சுக்கு அனுப்பிய கோப்புகளாகவே தம் பழைய இதழ்களை வைத்திருக்கும் சிற்றிதழ்க்காரர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவற்றை மீட்க உதவும் நிரல்களுள் எங்களுடையதும் ஒன்று. விலை கிடையாது. பெரிதாகச் சொல்லிக்கொள்ளவும் ஏதுமில்லை.

அதை ஜாவாஸ்கிரிப்டில் எழுதினோம். ஒரே நிரல் உலாவியிலும் ஓடும், கணினியின் கட்டளைவரியிலும் ஓடும் என்பதே அம்மொழியைத் தேர்ந்ததற்குக் காரணம். எங்களுள் ஒருவர் உலாவிப் பக்கத்தைக் கவனித்துக்கொண்டார், மற்றவர் கட்டளைவரிப் பக்கத்தை. வேலைப் பிரிவினையாகத் தொடங்கிய இது பின்னர் மூன்றாண்டுக் காலம் தீராத வழக்காக மாறியது. அவ்வழக்கைப் பற்றியதே இக்கட்டுரை. நிரல் எழுதிப் பழக்கமில்லாதவர்களும் தாராளமாகத் தொடரலாம். ஓரிடத்தில் மட்டும் சற்றுப் பொறுமை வேண்டியிருக்கும். அவ்விடம் வரும்போது சொல்லிவிடுகிறோம்.

பெரிய நிரல் எதையும் ஒரே கோப்பில் எழுதுவதில்லை. எங்கள் நிரலிலேயே மாற்றும் வேலை ஒரு கோப்பில் இருக்கிறது. டிஸ்கிக்கான எழுத்து அட்டவணை வேறொரு கோப்பில், பாமினிக்கானது இன்னொன்றில். இப்படிப்பட்ட பகுதிகளை மாட்யூல் என்பர். ஒரு மாட்யூலுக்கு மற்றொன்று தேவைப்படும்போது அதை எப்படி எடுத்து வருவது என்பதே கேள்வி.

பழைய நூல் ஒன்றை உரையோடு படித்துக்கொண்டிருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். பொருள் விளங்காத சொல் ஒன்று வருகிறது. அகராதி கைக்கெட்டும் அலமாரியில் இருந்தால் படிப்பதை நிறுத்தி, எழுந்து, எடுத்துப் பார்த்துவிட்டு, விட்ட வரியிலிருந்து தொடர்வோம். அகராதி வெளியூர் நண்பரிடம் இருந்தால் என்ன செய்வது? கடிதம் எழுதிப் போட்டுவிட்டு, பதில் வரும்வரை அந்த வரியில் விரலை வைத்தபடி உட்கார்ந்திருக்க முடியாது. உலை கொதிக்கும், பால்காரர் வருவார், குழந்தை அழும். வேறு வேலையைப் பார்த்துவிட்டுப் பதில் வந்தபின் திரும்ப வேண்டியதுதான். முதல் வகையை நிரலர்கள் சிங்க்ரனஸ் என்கிறார்கள், இரண்டாவதை ஏசிங்க்ரனஸ் என்கிறார்கள். ஒத்தியங்குதல், ஒத்தியங்காமை என்றெல்லாம் தமிழாக்கங்கள் உண்டு. எங்களுக்கு அவை நாவில் ஒட்டவில்லை. 'நின்று எடுத்தல்', 'சொல்லிவைத்து எடுத்தல்' என்றே எங்களுக்குள் பேசிக்கொள்வோம். இங்கும் அப்படியே எழுதுகிறோம்.

1995இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை உருவாக்கினார் என்பது பலமுறை சொல்லப்பட்ட கதை. அந்தப் பத்து நாளில் மாட்யூல் என்ற எண்ணத்துக்கு இடமில்லை. வலைப்பக்கத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் ஏதேனும் நடக்க வேண்டும், அவ்வளவே அன்றைய தேவை. நிரற்கோப்புகளைப் பக்கத்தில் ஒன்றன்பின் ஒன்றாக எழுதிவைப்பார்கள். உலாவி ஒவ்வொன்றையும் வரவழைத்து ஓட்டி முடிக்கும்வரை பக்கத்தின் எஞ்சிய பகுதி நிற்கும். எல்லாக் கோப்புகளும் ஒரே கூடத்தில் வசித்தன. இருவர் ஒரே பெயரைச் சூட்டிவிட்டால் பின்னால் வந்தவர் முன்னால் வந்தவரை அழித்துவிடுவார்.

மொழி வளர்ந்து, உலாவிக்கு வெளியே சர்வர்களிலும் ஓடத் தொடங்கியபோது இது போதவில்லை. 2009 ஜனவரியில் கெவின் டாங்கூர் என்பவர் சர்வரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்டுக்கு என்னென்ன வேண்டும் என்று எழுதி ஆள் திரட்டினார். அம்முயற்சி அவ்வாண்டிலேயே காமன்ஜேஎஸ் என்ற பெயர் பெற்றது. அதன் மாட்யூல் முறை மிக எளியது. 'ரிக்கொயர்' என்று சொல்லிக் கோப்பின் பெயரைத் தந்தால் நிரல் அந்த வரியிலேயே நின்று, கோப்பை வட்டிலிருந்து படித்து, ஓட்டி, விளைவைக் கையில் தரும். அடுத்த வரியில் அதைப் பயன்படுத்தலாம். அகராதி அலமாரியில்.

அதே ஆண்டில் ரையன் டால் நோட்ஜேஎஸ் நிரலை உருவாக்கி, நவம்பரில் பெர்லின் நகரில் நடந்த மாநாடு ஒன்றில் விளக்கினார். நோட் பிறந்ததே எதற்காகவும் நின்று காத்திராத சர்வர் வேண்டும் என்பதற்காக. கோப்பைப் படிப்பதா, வலையில் செய்தி அனுப்புவதா, எல்லாவற்றையும் சொல்லிவைத்துத்தான் செய்ய வேண்டும் என்பது அதன் கொள்கை. அப்படிப்பட்ட வீட்டின் தலைவாசலில் ரிக்கொயர் மட்டும் நின்று எடுத்துக்கொண்டிருந்தது. இதை முரண் என்று சிரித்தவர்கள் உண்டு. எங்களுக்கு அது நியாயமாகவே படுகிறது. வட்டு அருகில் இருக்கிறது. ஒரு கோப்பை எடுக்க நொடியில் ஆயிரத்தில் சில பங்கே ஆகும். அதுவும் நிரல் எழும்பும் வேளையில் ஒருமுறை மட்டுந்தான். ஒருமுறை எடுத்ததை அது நினைவில் வைத்துக்கொள்ளும்.

உலாவியின் நிலை வேறு. அங்கே கோப்பு இருப்பது எங்கோ ஓர் ஊரின் சர்வரில். கண்டம் தாண்டிப் போய் வரவே நொடியில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு ஆகும். ஒன்றுக்குள் ஒன்றாக நாற்பது மாட்யூல்கள் இருந்தால் கூட்டிப் பாருங்கள். மேலும், வலைப்பக்கத்தில் ஜாவாஸ்கிரிப்ட் ஒற்றை ஆளாக வேலை செய்கிறது. அந்த ஒற்றை ஆள் நின்றுவிட்டால் பக்கம் உருளாது, பொத்தான் அமுங்காது. படிப்பவர் கணினி கெட்டுவிட்டது என்று நினைப்பார்.

இங்கேதான் ஏஎம்டி என்ற மாற்றுமுறை பிறந்தது. காமன்ஜேஎஸ் விவாதங்களிலிருந்தே கிளைத்துப் பிரிந்த முறை அது. ஜேம்ஸ் பர்க் எழுதிய ரிக்கொயர்ஜேஎஸ் என்ற நிரல் அதைப் பரவலாக்கியது. வேண்டிய மாட்யூல்களின் பெயர்களை முதலில் பட்டியலாகத் தந்துவிட வேண்டும், வேலையை ஓர் உறைக்குள் இட்டுக் கொடுத்துவிட வேண்டும். பட்டியலில் உள்ளவை எல்லாம் வந்து சேர்ந்தபின் உறை பிரிக்கப்படும். கடிதம் போட்டுவிட்டு எல்லாப் பதிலும் வந்தபின் நூலைத் திறப்பது போல.

முறை சரிதான், எழுதத்தான் கை வலிக்கும். ஒவ்வொரு கோப்பும் உறைக்குள், உள்ளே தள்ளித் தள்ளி எழுதிய வரிகள். இருபது பெயர்ப் பட்டியலும் அதற்கு நேரான இருபது பெயர்களும் ஒன்று பிசகினால் அத்தனையும் இடம் மாறும். காமன்ஜேஎஸ் காரர்களுக்கு இது அசிங்கமாகத் தெரிந்தது. உலாவிக்காரர்களுக்கோ மற்றவர்கள் வலையின் தூரத்தை அறியாதவர்களாகத் தெரிந்தார்கள். இரு தரப்பும் ஒன்றையொன்று வெகுகாலம் குறை சொல்லிக்கொண்டன.

அச்சண்டையின் நடுவே ரிக்கொயர்ஜேஎஸ் செய்த ஒரு தந்திரத்தை நாங்கள் இன்றும் வியப்போடு பேசுகிறோம். உறையை மட்டும் போட்டுவிட்டு, உள்ளே காமன்ஜேஎஸ் பாணியில் நின்று எடுப்பதாகவே எழுதலாம் என்று அது இடங்கொடுத்தது. இது எப்படி இயலும்? ஜாவாஸ்கிரிப்டில் ஒரு ஃபங்ஷனை அதன் மூலவரிகளாகவே, எழுத்தாகவே திரும்பக் கேட்டு வாங்க முடியும். ரிக்கொயர்ஜேஎஸ் உறைக்குள் இருக்கும் ஃபங்ஷனை ஓட்டுவதற்கு முன் அதை எழுத்தாக வாங்கி, குறிப்புரைகளை நீக்கிவிட்டு, 'ரிக்கொயர்' என்ற சொல் எங்கெங்கே வருகிறது, அதனுள் என்ன பெயர் இருக்கிறது என்று தேடும். கிடைத்த பெயர்களையெல்லாம் சொல்லிவைத்து வரவழைக்கும். எல்லாம் வந்தபின்தான் ஃபங்ஷனை ஓட்டும். ஓடும்போது அந்த வரி நின்று எடுப்பதாகத்தான் தோன்றும். உண்மையில் பொருள் ஏற்கனவே வீட்டுக்கு வந்துவிட்டது. நூலை ஒருமுறை மேலோட்டமாகப் புரட்டி அருஞ்சொற்களைக் குறித்துக்கொண்டு கடிதம் போட்டுவிட்டு, பிறகு நிதானமாக முதல் வரியிலிருந்து படிக்கிற வாசகர் மாதிரி.

இதற்கு இரண்டு எல்லைகள் இருந்தன. பெயரை நேரடியாக எழுதாமல் கணக்கிட்டு உண்டாக்கினால் தேடுபவருக்குச் சிக்காது. ஃபங்ஷனை எழுத்தாகத் திருப்பித் தராத சில கருவிகளிலும் பலிக்காது. பிளேஸ்டேஷன் 3 என்ற விளையாட்டுக் கருவியின் உலாவி அவற்றுள் ஒன்று. ஆனாலும் முழு வழக்கின் தீர்ப்பும் இந்தச் சின்னத் தந்திரத்துக்குள்ளேயே இருந்தது என்பது எங்கள் எண்ணம்.

இடைக்காலத்தில் நடந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். 2011இல் பிரௌசரிஃபை, அடுத்த ஆண்டில் வெப்பேக் என்று, எல்லா மாட்யூல்களையும் முன்கூட்டியே ஒரே கோப்பாகக் கட்டித் தரும் கருவிகள் வந்தன. கட்டிவிட்டால் தூரமே இல்லை, ரிக்கொயர் உலாவியிலும் ஓடும். எங்களைப் போல் இரு பக்கமும் பார்த்தாக வேண்டியவர்கள் கோப்பின் தலையில் பத்து வரி எழுதி, 'நான் இப்போது எங்கே இருக்கிறேன், சர்வரிலா, உலாவியிலா, வெறுங்கூடத்திலா' என்று நிரலையே கேட்க வைத்தோம். அதற்கு யூஎம்டி என்ற கௌரவமான பெயரும் உண்டு.

2015 ஜூனில் வெளியான மொழித்தரம் இறுதியாக இம்போர்ட், எக்ஸ்போர்ட் என்ற சொற்களை மொழியிலேயே சேர்த்தது. இம்போர்ட் வரி கோப்பின் மேல்மட்டத்தில் மட்டுமே வரலாம், பெயரை நேரடியாகத்தான் எழுத வேண்டும். இது கெடுபிடி போலத் தோன்றும். காரணம் ரிக்கொயர்ஜேஎஸ் தந்திரத்தில் நாம் பார்த்ததுதான்: ஓட்டாமலே, படித்த மாத்திரத்தில், என்னென்ன வேண்டும் என்று தெரிந்துவிட வேண்டும். வேலை மூன்று கட்டமாக நடக்கிறது. கோப்புகளை வரவழைத்துப் படித்து, அவற்றுள் குறிப்பிட்டுள்ளவற்றையும் வரவழைத்து முடிப்பது முதற்கட்டம். யார் தருவதை யார் வாங்குகிறார் என்று பெயர்களை இணைப்பது இரண்டாவது. வரிகளை ஓட்டுவது மூன்றாவது. காத்திருப்பு முழுவதும் முதற்கட்டத்தில் முடிந்துவிடுகிறது. மூன்றாவது கட்டத்தில் காத்திருக்க ஒன்றுமில்லை.

இம்மூன்று கட்டங்களின் பிரிவினை எங்களுக்குப் பிறகு முக்கியமாயிற்று. அன்று அதைப் பெரிதாகப் பேசியவர்கள் குறைவு. உலாவிகள் ஒவ்வொன்றாக இதை ஏற்றன: 2017 மார்ச்சில் சஃபாரி, 2018 மே மாதத்தில் ஃபயர்ஃபாக்ஸ், மற்றவை நடுவில். நோட் 2017இல் பரிசோதனையாகத் தொடங்கி, 2019 நவம்பரில் 13.2 பதிப்பில் எல்லோருக்கும் திறந்துவிட்டது. அங்கே ஒருவழிப் பாதை போடப்பட்டிருந்தது. புதிய முறை மாட்யூல் பழையதை இம்போர்ட் செய்யலாம். பழைய முறை மாட்யூல் புதியதை ரிக்கொயர் செய்தால் பிழைச்செய்தி வரும். புதிய மாட்யூல்கள் சொல்லிவைத்தே ஓடுபவை, ஆகவே நின்று எடுக்க முடியாது என்று நோட்டின் ஆவணமே காரணம் கூறியது.

எங்கள் வழக்கு இங்கே தொடங்குகிறது. 2021இல், இலவச மாட்யூல்கள் எழுதும் தன்னார்வலர்கள் பலர் இரட்டை வேலை செய்து அலுத்து, இனிப் புதிய முறை மட்டுமே என்று அறிவித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டோம். பழைய சுருக்கக் கோப்புகளைப் பிரிக்க எங்கள் நிரல் நம்பியிருந்த ஒரு மாட்யூலும் அவ்வாறு மாறியது. பழைய பதிப்பில் ஒரு குறை இருந்தது, அதன் திருத்தம் புதியதில் மட்டுமே வந்தது.

உலாவிப் பக்கத்தைக் கவனிப்பவர் நாமும் மாறிவிடுவோம் என்றார். தரம் அது, உலாவியில் கட்டாமலே ஓடும், இன்றில்லாவிட்டால் நாளை மாறியே தீர வேண்டும். கட்டளைவரியைக் கவனிப்பவர் மறுத்தார். அவர் மனத்தில் இருந்தவர் ஒரே ஒருவர். தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றில், ஓய்வுபெற்ற தமிழாசிரியர். சிற்றிதழ்கள் சிலவற்றின் பழைய குறுந்தகடுகளை வீடுவீடாகக் கேட்டு வாங்கி, எங்கள் நிரலைக் கொண்டு ஒவ்வொன்றாக மீட்டுக்கொண்டிருந்தார். அறுபது வயதுக்குமேல் நிரல் எழுதக் கற்றவர். தாமே எழுதிய நிரல், மேலிருந்து கீழாக ஒரே ஓட்டம்: எங்கள் மாட்யூலை ரிக்கொயர் செய், தகட்டைத் திற, கோப்பைப் படி, மாற்று, எழுது. நாங்கள் புதிய முறைக்கு மாறினால் அவருடைய முதல் வரியே பிழைச்செய்தி காட்டும். தகடுகளோ காத்திருப்பவை அல்ல. முந்தைய ஆண்டு திறந்த தகடு இந்த ஆண்டு திறக்கவில்லை என்று அவர் எழுதியிருந்தார்.

நடுவழி ஒன்று உண்டே என்று நிரல் அறிந்தவர்கள் கேட்கக்கூடும். பழைய மாட்யூலுக்குள்ளிருந்து புதியதைச் சொல்லிவைத்து எடுக்க ஒரு வழி இருந்தது. ஃபங்ஷன் போல அழைக்கும் இம்போர்ட், 2020 தரத்தில் வந்தது. அது பொருளைத் தராது, வாக்குறுதி ஒன்றைத் தரும். பிராமிஸ் என்றே அதற்குப் பெயர். வாக்குறுதியை வாங்கும் ஃபங்ஷன் தானும் காத்திருக்கும் வகையாக மாற வேண்டும். அதை அழைப்பதும் மாற வேண்டும். அதை அழைப்பதும். பாப் நிஸ்ட்ரம் 2015இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்று இதைச் சிவப்பு, நீலம் என்று இரு நிறமாகப் பிரித்துப் பேசும். சிவப்பைச் சிவப்பின் உள்ளிருந்து மட்டுமே அழைக்கலாம், ஆகவே ஓரிடத்தில் படும் சிவப்பு மேலே மேலே ஏறிக்கொண்டேயிருக்கும். எங்கள் நிரலின் அடியில் ஒரு துளி பட்டால் அது சிற்றூர் ஆசிரியரின் முதல் வரிவரை ஏறும். அவருடைய நேரான ஓட்டம் முழுவதையும் வேறொரு வடிவில் மடித்து எழுத வேண்டியிருக்கும்.

இரண்டு வடிவையும் சேர்த்து வெளியிடலாமே என்றால், அதில் வேறொரு கண்ணி. எங்கள் நிரலில், பயனர் தாம் கண்டுபிடித்த எழுத்துகளை அட்டவணையில் சேர்க்கலாம். ஓர் இதழுக்கென்றே செய்த எழுத்துருவில் 'ஞௌ' எங்கே ஒளிந்திருக்கிறது என்பது அந்த இதழைத் தட்டச்சு செய்தவருக்கே தெரியும். இரு வடிவும் ஒரே நிரலோட்டத்தில் ஏற்றப்பட்டால் அட்டவணையும் இரண்டாகிவிடும். ஒன்றில் சேர்த்த திருத்தம் மற்றதற்குத் தெரியாது. பிழைச்செய்தியும் வராது. மாற்றப்பட்ட உரையில் ஆங்காங்கே ஓர் எழுத்து தவறாக இருக்கும், யாரும் கவனிக்காமல் அது ஆவணமாகிவிடும். பாடபேதம் என்பது எப்படி உண்டாகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் எழுதியிருப்பதைப் படித்தவர்களுக்கு இந்த அச்சம் விளங்கும். நோட் உலகில் இதற்கு இரட்டைப் பொதி அபாயம் என்ற பொருளில் ஒரு பெயரே இருக்கிறது.

ஆகவே வழக்கு நின்றது. 2022இல் பல மாதங்கள் நிரலில் ஒரு மாற்றமும் சேரவில்லை. நாங்கள் பேசிக்கொள்வதும் குறைந்தது. ஒருவர் தரத்தின் பக்கம், ஒருவர் மனிதரின் பக்கம் என்று பொதுவான நண்பர் ஒருவர் சொன்னார். இருவருக்குமே அது பிடிக்கவில்லை. உலாவிக்காரருக்கும் மனிதர்கள் இருந்தார்கள்: மலிவான கைப்பேசியில், மெதுவான இணைப்பில் எங்கள் பக்கத்தைத் திறந்து, கட்டிவைத்த பெருங்கோப்பு வந்து சேரும்வரை வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள்.

பொறுமை வேண்டும் என்று சொன்ன இடம் இதுதான். 'அவெயிட்' என்பது 'இந்த வாக்குறுதி நிறைவேறும்வரை இந்த ஃபங்ஷன் இங்கே காத்திருக்கட்டும்' என்று சொல்லும் சொல். முதலில் அதை ஃபங்ஷனுக்குள் மட்டுமே எழுத முடிந்தது. மாட்யூலின் மேல்மட்டத்திலும் எழுத இடம் வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தபோது, 2016இல் ரிச் ஹாரிஸ் அது ஆபத்தான கருவி என்று கடுமையாக எழுதினார். பின்னர் வரையறை திருத்தப்பட்டு 2022 தரத்தில் அது சேர்ந்தது. அப்போதிருந்து ஒரு மாட்யூல் ஓடும் கட்டத்திலும், அதாவது மூன்றாவது கட்டத்திலும், காத்திருக்க முடிகிறது. அதை இறக்கும் மாட்யூலும் அதனோடு காத்திருக்கும். ஆனால் வரையறையை எழுதியவர்கள் ஒன்றைக் கவனமாகப் பாதுகாத்திருந்தார்கள். மேல்மட்ட அவெயிட் எங்குமே இல்லாத மாட்யூல் தொகுதி முன்போலவே இடைநிறுத்தமின்றி, ஒரே மூச்சில் ஓடி முடியும். அதாவது புதிய முறை மாட்யூல் என்றாலே சொல்லிவைத்து ஓடுவது என்பது மொழியின் விதியன்று. அவெயிட் உள்ளது மட்டுமே அப்படி.

விதி அப்படியிருக்க, ரிக்கொயர் ஏன் மறுக்க வேண்டும்? வட்டு அருகில் இருக்கிறது. கோப்புகளை நின்றே படிக்கலாம், பெயர்களை நின்றே இணைக்கலாம், அவெயிட் இல்லையென்றால் நின்றே ஓட்டலாம். 2024இன் தொடக்கத்தில் நோட் குழுவைச் சேர்ந்த ஜாயீ சுங் இதைச் செய்து காட்டினார். அவ்வாண்டு ஏப்ரலில் வந்த 22ஆம் பதிப்பில் தனிக்கட்டளை தந்தால் மட்டும் இயங்கும் பரிசோதனையாக வந்தது. அக்டோபரில் 23ஆம் பதிப்பிலும், டிசம்பரில் 22.12 பதிப்பிலும் கட்டளையில்லாமலே இயங்கத் தொடங்கியது. 2025இல் 20ஆம் வரிசையின் 20.19 பதிப்புக்கும் கொண்டுவரப்பட்டது. தொகுதியில் எங்கேனும் ஒரு மேல்மட்ட அவெயிட் இருந்தால் ரிக்கொயர் அதற்கென்றே உள்ள பிழைச்செய்தியைக் காட்டி நின்றுவிடும். உண்மையான காத்திருப்பை அது மறைக்கப் பார்க்கவில்லை, இல்லாத காத்திருப்பை இருப்பதாகக் காட்டுவதை மட்டும் நிறுத்திக்கொண்டது.

எங்களுக்கு வந்த நிம்மதியோடு சிறிது எரிச்சலும் வந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஐந்தாண்டுக் காலம் எத்தனை தன்னார்வலர்களின் மாலைப் பொழுதுகள் இந்தச் சுவரில் மோதிக் கழிந்தன!

மாற்றும் வேலையில் இன்னொரு முடிச்சும் இருந்தது. பழைய முறையில் எங்கள் மாட்யூல் நேராக ஒரு ஃபங்ஷனையே தரும். புதிய முறை மாட்யூலை ரிக்கொயர் செய்தால் பெயர்கள் அடங்கிய ஒரு பொதி வரும், ஃபங்ஷன் அதனுள்ளே இருக்கும். ஆசிரியரின் இரண்டாவது வரி அங்கே இடறும். இதற்கும் நோட் குழு வழி வைத்திருந்தது. பழைய முறையில் ஏற்றுமதிக்கு வழங்கிய 'மாட்யூல்.எக்ஸ்போர்ட்ஸ்' என்ற பெயரையே ஒரு பெயராகப் புதிய மாட்யூல் வெளியிட்டால், ரிக்கொயர் செய்பவருக்குப் பொதிக்குப் பதிலாக அது நேராகப் போய்ச் சேரும். புது வீட்டில் பழைய முகவரிக்கும் தபால் வருவது போல. ஒரே ஒரு வரி சேர்த்தோம்.

2025இன் தொடக்கத்தில் புதிய பதிப்பை வெளியிட்டு, ஆசிரியருக்கு எழுதினோம்: ஐயா, நோட்டின் புதிய பதிப்பை நிறுவிக்கொள்ளுங்கள், உங்கள் நிரலில் எதையும் தொட வேண்டாம். நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது. ஓடுகிறது என்று ஒரு வரி. அதன் கீழே, ஏதோ ஓர் இதழின் எழுத்துருவில் 'ஸ்ரீ' இரண்டு இடத்தில் இரண்டு குறியாக இருப்பதைப் பற்றி ஒன்றரைப் பக்கம்.

வழக்கு முற்றிலும் தீர்ந்துவிடவில்லை. டிஸ்கி, டாப், டாம், பாமினி ஆகிய நான்கு அட்டவணைகளையும் நேரான இம்போர்ட்டாக வைத்துவிட்டோம். அவற்றில் அவெயிட் இல்லை, நின்று எடுக்கலாம். இதழ்களுக்கென்றே செய்த அரிய எழுத்துருக்களின் அட்டவணைகள் பெரியவை, எண்ணிக்கையும் கூடிக்கொண்டே போகிறது. அவற்றை எல்லோருடைய கைப்பேசிக்கும் அனுப்புவது நியாயமில்லை என்கிறார் உலாவிக்காரர். ஆகவே அவற்றுக்குத் தனியாக ஓர் அழைப்பு வைத்திருக்கிறோம். அது வெளிப்படையாக வாக்குறுதி தரும், கேட்பவர் காத்திருக்க வேண்டும். கட்டளைவரியில் அந்தக் காத்திருப்பு எதற்கு, எல்லாம் வட்டில்தானே இருக்கிறது, அங்கே மட்டும் நின்று எடுக்கும் இரண்டாவது அழைப்பு ஒன்று வைத்தால் என்ன என்கிறார் மற்றவர். அப்படியானால் ஒரே வேலைக்கு இரண்டு பெயர், இரண்டு ஆவணம், இரண்டு சோதனை என்று பதில் வருகிறது. ஆசிரியர் கேட்ட 'ஸ்ரீ' அந்த அரிய அட்டவணை ஒன்றில்தான் இருக்கிறது. அவருக்காக அந்த ஒன்றை மட்டும் நேரான இம்போர்ட்டில் சேர்ப்பதா என்று இந்த வாரம் பேசிக்கொண்டிருக்கிறோம்.